கடைச் சாவி யார் கையில் இருக்க வேண்டும்?

வாடகைக்கு விட்ட கடைக்குள் கட்டட உரிமையாளர் எப்போது நுழையலாம், எப்போது நுழையக் கூடாது என்பது பற்றி வந்த கேள்விகளை இந்த இதழில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். கேட்டவர்களில் வாடகைக்கு இருப்பவர்களும் உண்டு, கட்டடக்காரர்களும் உண்டு.

ஈரோட்டில் ஆறு வருடமாக வாடகைக்கு ஜவுளிக் கடை நடத்துகிறேன். பின்பக்கம் சின்ன குடோன். கட்டடக்காரரிடம் ஒரு டூப்ளிகேட் சாவி இருக்கிறது. கடை அடைத்த பிறகு ராத்திரி திறந்து பார்த்துவிட்டுப் போகிறார். என் சிசிடிவியில் தெரிகிறது. கேட்டால், "என் கட்டடம், எப்ப வேணா வருவேன்" என்கிறார். அவருக்கு அந்த உரிமை உண்டா? நான் பூட்டை மாற்றினால் தப்பா?

அந்த உரிமை அவருக்கு இல்லை. பத்திரம் எழுதுபவர்கள் உரிமை என்றும் சுவாதீனம் (இடத்தைக் கையில் வைத்து அனுபவிப்பது) என்றும் இரண்டு சொற்களைத் தனித்தனியாகப் போடுவதற்குக் காரணம் இதுதான். கடையை வாடகைக்கு விட்ட நாளிலிருந்து சுவாதீனம் உங்களுடையது. வாடகை ஒழுங்காகக் கொடுத்து ஒப்பந்தப்படி நடந்தால், இடையூறு இல்லாமல் அந்த இடத்தை அனுபவிக்கலாம் என்று 1882-ம் வருட சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-வது பிரிவே சொல்கிறது.

தமிழ்நாட்டில் 2017-ல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் உள்ள நில உரிமையாளர் - வாடகைதாரர் உரிமைகள், பொறுப்புகள் ஒழுங்குமுறைச் சட்டம் இன்னும் தெளிவாக இருக்கிறது. அது வீட்டுக்கு மட்டுமல்ல, கடைக்கும் பொருந்தும். உரிமையாளரோ அவருடைய மேலாளரோ உள்ளே வர வேண்டுமானால், குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன் எழுத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். எதற்காக வருகிறார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். ரிப்பேர் வேலை, கட்டடத்தின் நிலையைப் பார்ப்பது, ஒப்பந்தத்தில் எழுதியிருக்கும் வேறு நியாயமான காரணம் ஆகியவைதான் காரணமாக இருக்க முடியும். "சும்மா பார்க்க வந்தேன்" என்பது இதில் சேராது.

பூட்டை மாற்றுவது தப்பில்லை. அந்தச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை, எந்த ரிப்பேர் யார் தலையில் என்று பிரிக்கும்போது, கதவுகளின் பிடி, பூட்டு மாற்றுவதை வாடகைதாரர் பக்கம்தான் வைத்திருக்கிறது. ஆனால் மாற்றுவதற்கு முன் உங்கள் ஒப்பந்தத்தை எடுத்துப் படியுங்கள். "ஒரு சாவி உரிமையாளரிடம் இருக்கும்" என்று நீங்களே கையெழுத்துப் போட்டிருந்தால், சாவியைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அப்போதும் அந்தச் சாவியால் அறிவிப்பு இல்லாமல் திறக்க அவருக்கு அனுமதி கிடைத்துவிடாது.

எங்களுக்குச் சரியாகப் படும் வழி இது. புதுப் பூட்டுப் போடுங்கள். ஒரு சாவியைக் கெட்டியான கவரில் போட்டு ஒட்டி, ஒட்டிய விளிம்பின் குறுக்கே இரண்டு பேரும் தேதியோடு கையெழுத்திட்டு, அதன் மேல் அகல செலோ டேப் ஒட்டி உரிமையாளரிடம் கொடுங்கள். தீ, தண்ணீர், மின்கசிவு என்றால் மட்டும் பிரிப்பது என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வாடகை கொடுக்கும்போது கவரைக் காட்டச் சொல்லிப் பாருங்கள். கையெழுத்தின் கோடு முறியாமல் இருந்தால் கவரைப் பிரிக்கவில்லை என்று பொருள்.

இதுவரை நடந்ததற்கு சிசிடிவி பதிவைத் தனியாக பென் டிரைவில் எடுத்து வையுங்கள். பெரும்பாலான ரெக்கார்டர்கள் டிஸ்க் நிறைந்ததும் பழையதை அழித்துவிட்டு மேலே பதிவு செய்யும். பிறகு தேதி, நேரத்தோடு ஒரு கடிதம் அனுப்புங்கள். முதல் கடிதத்தில் மிரட்டல் வேண்டாம். இனி 24 மணி நேர அறிவிப்போடு வரவும் என்று கேட்டால் போதும்.

நான் கட்டடக்காரன், மதுரை. தரைத்தளத்தை ஹோட்டலுக்கு விட்டிருக்கிறேன். பாத்திரம் கழுவும் இடத்திலிருந்து ஓதம் ஏறி, பக்கத்துக் கடைச் சுவரில் காரை பெயர்கிறது. உள்ளே பார்க்க விட மாட்டேன் என்கிறார். என் கட்டடம் பாழாவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டுமா?

வேண்டாம். பார்வையிடும் உரிமை உங்களுக்கு உறுதியாக உண்டு. சொத்து மாற்றுச் சட்டத்தின் அதே 108-வது பிரிவு, நியாயமான நேரங்களில் உரிமையாளரும் அவருடைய ஆட்களும் உள்ளே வந்து நிலையைப் பார்க்கவும், குறையைச் சுட்டி நோட்டீஸ் கொடுக்கவும் வாடகைதாரர் விட வேண்டும் என்கிறது. அந்தக் குறை அவருடைய செய்கையாலோ அலட்சியத்தாலோ வந்திருந்தால், நோட்டீஸ் கிடைத்த மூன்று மாதத்துக்குள் அவரே சரிசெய்து கொடுக்க வேண்டும்.

நோட்டீஸ் எழுதுவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "கட்டடத்தைப் பார்வையிட வருவேன்" என்று பொதுவாக எழுதினால், அன்றைக்கு வசதியில்லை என்று ஒரு வரியில் தட்டிக் கழித்துவிடலாம். இப்படி எழுதுங்கள்: "வரும் செவ்வாய்க்கிழமை மாலை 3.30 மணிக்கு, பாத்திரம் கழுவும் இடத்தின் மேற்குச் சுவரையும் அங்குள்ள தரை வடிகாலையும் பார்க்க, நானும் ஒரு இன்ஜினீயரும் ஒரு பிளம்பரும் வருகிறோம். முக்கால் மணி நேரம் ஆகும். சுவரை ஒட்டியுள்ள ரேக்கை இரண்டடி நகர்த்தி வைக்கவும்." ஹோட்டலுக்கு மதியச் சாப்பாடு முடிந்து மாலை டிபன் தொடங்கும் வரை உள்ள இடைவெளிதான் ஏற்ற நேரம். பகல் 12 மணிக்குப் போய் நின்றால் சண்டைதான் வரும். நேரம் நியாயமில்லை என்று அவர் சொல்வதும் சரியாக இருக்கும்.

வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், கூடவே ஸ்பீட் போஸ்டிலும் அனுப்பி ரசீதை வையுங்கள். மறுத்தால் வாசலில் வாக்குவாதம் வேண்டாம். வெளியிலிருந்து நேரம் தெரியும்படி ஒரு படம் எடுத்து, உடன் வந்தவர்கள் கையெழுத்தோடு "அனுமதிக்கப்படவில்லை" என்று அங்கேயே எழுதி, இரண்டு மாற்றுத் தேதிகள் சொல்லி மறு நோட்டீஸ் அனுப்புங்கள். அதற்கும் மறுத்தால், 2017 சட்டப்படி நியமிக்கப்பட்டுள்ள வாடகை அதிகாரியிடம் மனு கொடுங்கள். அவர் துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாதவர். உங்கள் கையில் இரண்டு நோட்டீஸும் இரண்டு மறுப்பும் இருந்தால் மனுவில் வேறு பெரிதாக எழுத வேண்டியதில்லை.

உள்ளே போகக் கிடைக்கும் முக்கால் மணி நேரத்தை வீணாக்காதீர்கள். தரை ஓடுகளின் இணைப்பில் பூச்சு போயிருக்கிறதா, வடிகால் வாயில் எண்ணெய்ப் பிசுக்கு அடைத்துத் தண்ணீர் தேங்குகிறதா என்று முதலில் பாருங்கள். ஓதத்தின் வேர் பெரும்பாலும் அங்கேதான். தூண், பீம்களைச் சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டச் சொல்லுங்கள். பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கம்பி துருப்பிடித்து, ஊதி, மேல் காங்கிரீட்டைத் தள்ளத் தொடங்கிவிட்டது. வெறும் பூச்சு வேலையில் அது அடங்காது. பைப் கொண்டுபோக பீமைக் கொத்தியிருக்கிறார்களா என்பதையும், ஃபால்ஸ் சீலிங் இருந்தால் ஒரு பலகையைத் தூக்கி மேலே என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். 19 கிலோ சமையல் எரிவாயு சிலிண்டர்களை எண்ணுங்கள்: உரிமம் இல்லாமல் ஓரிடத்தில் 100 கிலோ வரைதான் வைக்கலாம், அதாவது ஐந்து. மின் இணைப்பு உங்கள் பெயரில் இருந்தால், அனுமதித்த லோடுக்கு மேல் ஓடுகிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பாருங்கள்; மீட்டர் முனையில் ஒயர் கருகியிருப்பது முதல் அடையாளம். கல்லாப்பெட்டி, கணக்கு நோட்டு, சரக்கு அறை அலமாரி எதையும் திறக்காதீர்கள். அவை கட்டடத்தின் நிலையோடு சேர்ந்தவை அல்ல.

செலவு யாருடையது என்பதையும் சொல்லிவிடுகிறோம். கட்டமைப்புப் பழுது, தண்ணீர்க் குழாய் மாற்றம், மின் ஒயரிங் உங்களுடையது. வடிகால் சுத்தம், குழாய் வாஷர், சுவிட்ச், பிளக் பாயிண்ட் அவருடையது. அவர் பக்கத்து வேலையை அவர் செய்யாவிட்டால், நீங்கள் செய்து அட்வான்ஸில் கழிக்கலாம். கட்டமைப்பே அவர் செய்கையால் கெட்டிருந்தால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழாது.

நாலு மாத வாடகை பாக்கி. ஒரு மாதமாக ஷட்டர் மூடியே கிடக்கிறது, ஆளும் போனை எடுப்பதில்லை. அவர் பூட்டுக்கு மேல் என் பூட்டைப் போட்டுவிடலாமா? அல்லது ஆள் வைத்துத் திறந்து சரக்கை ஓரமாக எடுத்து வைக்கலாமா? - தாம்பரம் வாசகர்

இரண்டும் வேண்டாம். உங்கள் கஷ்டம் புரிகிறது. பாக்கி உண்மை, கட்டட வரியும் நீங்கள்தான் கட்டுகிறீர்கள். ஆனாலும் பூட்டைத் தொட்ட நிமிடத்தில் வழக்கு தலைகீழாகிவிடும். நேற்றுவரை அவர் பாக்கிக்காரர்; இன்றுமுதல் நீங்கள் அத்துமீறியவர். "கல்லாவில் இரண்டு லட்சம் இருந்தது, காணோம்" என்று அவர் புகார் கொடுத்தால், இல்லை என்று காட்ட உங்களிடம் எந்தச் சாட்சியும் இருக்காது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா என்ற தண்டனைச் சட்டத்தின் 329-வது பிரிவு, பொருள்களைப் பாதுகாக்கப் பயன்படும் கட்டடத்துக்குள் குற்ற நோக்கத்தோடு அத்துமீறி நுழைவதையும் வீட்டுக்குள் நுழைவதற்குச் சமமாகவே வைக்கிறது. ஒரு வருடம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சுவாதீனத்தில் இருப்பவரை மிரட்டவோ தொந்தரவு செய்யவோ நுழைந்தாலும் அது குற்ற நோக்கம்தான். தவிர, சட்ட வழியில் இல்லாமல் வெளியேற்றப்பட்டவர், 1963-ம் வருட குறித்த பரிகாரச் சட்டத்தின் 6-வது பிரிவில் 6 மாதத்துக்குள் வழக்குப் போட்டு இடத்தைத் திரும்பப் பெறலாம். அங்கே யாருக்கு உரிமை அதிகம் என்ற விசாரணையே கிடையாது. யார் இருந்தார், யார் வெளியேற்றினார் என்பது மட்டும்தான். நிலைத்த சுவாதீனத்தில் இருப்பவருக்கு உரிமையே இல்லை என்று வைத்துக்கொண்டாலும் சட்டத்தின் வழியாகத்தான் வெளியேற்ற வேண்டும் என்று 1989-ல் உச்ச நீதிமன்றம் ஓர் உணவக வழக்கில் சொன்னது.

கரண்டைப் பிடுங்குவது, தண்ணீரை அடைப்பது, லிஃப்டை நிறுத்துவது எல்லாம் இதே கணக்குதான். அத்தியாவசிய வசதிகளை நிறுத்த 2017 சட்டம் தனியாகவே தடை போட்டிருக்கிறது. வாடகை அதிகாரி உடனே இடைக்கால உத்தரவு போட்டு மீட்டுக் கொடுக்கலாம்.

செய்ய வேண்டியது: மாதவாரியாகப் பாக்கியைப் பிரித்து எழுதி, ஒரு மாத அவகாசம் கொடுத்து நோட்டீஸ். கடை முகவரி, ஒப்பந்தத்தில் உள்ள வீட்டு முகவரி இரண்டுக்கும் அனுப்பி, ஷட்டரிலும் ஒட்டிப் படம் எடுங்கள். இரண்டு மாத வாடகை பாக்கி நின்று, நோட்டீஸுக்குப் பிறகும் கட்டாவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் சுவாதீனம் கேட்டு மனுப் போடலாம். உத்தரவு கிடைத்தபின் நீதிமன்ற அமீனா (உத்தரவை நிறைவேற்றும் ஊழியர்) வந்து, பூட்டைத் திறந்து, உள்ளே இருப்பதைப் பட்டியலிட்டு உங்களிடம் ஒப்படைப்பார். அந்தப் பட்டியல்தான் உங்களுக்குக் காப்பு. மாதக் கணக்கில் காத்திருப்பது எரிச்சல்தான். பூட்டை உடைத்த வழக்கு அதைவிட நீளும்.

கட்டடத்தை விற்கப் போகிறார்களாம். வாரம் நாலு பேரைக் கூட்டி வந்து என் கடைக்குள் சுற்றிக் காட்டுகிறார்கள். வாடிக்கையாளர்கள் கடையை மூடுகிறீர்களா என்று கேட்கிறார்கள். தடுக்கலாமா? - கும்பகோணம் வாசகி

ஒப்பந்தத்தில் அப்படி ஒரு ஷரத்து இல்லையென்றால், வாங்க வருபவர்களுக்குக் கடையின் உள்ளே காட்டும் உரிமை அவருக்கு இல்லை. ஆனாலும் முழுதாகத் தடுப்பதை நாங்கள் சொல்ல மாட்டோம். விற்றாலும் உங்கள் வாடகைக் காலம் அப்படியே தொடரும். வாங்குபவர் பழைய உரிமையாளரின் இடத்தில் வந்து நிற்பார். நாளைக்கு அவரோடுதான் இருக்க வேண்டும். வாரத்தில் ஒரு நாள், காலை கடை திறப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் என்று நீங்களே எழுதிக் கொடுங்கள். சரக்கைப் படம் எடுக்கக் கூடாது என்றும் சேருங்கள். வங்கி மதிப்பீட்டாளர் வந்தால் மட்டும் எல்லா அறையையும் அளக்க விடுங்கள். உள்ளளவு இல்லாமல் அவர் அறிக்கை தர முடியாது, மறுபடி வருவார்.

பொது வழியில் கேமரா வைத்த உரிமையாளர், கடைக்குள்ளும் ஒன்று வைப்பேன் என்கிறார். விடலாமா?

நுழைவாயில், மாடிப்படி, பார்க்கிங் அவர் பொறுப்பில் உள்ளவை, வைக்கலாம். நீங்கள் வாடகைக்கு எடுத்த பகுதிக்குள் உங்கள் சம்மதம் இல்லாமல் வைக்க முடியாது. பொது வழிக் கேமராவின் கோணம் உங்கள் கல்லாவைப் பார்த்தால் திருப்பச் சொல்லுங்கள்.

ராத்திரி கடைக்குள்ளிருந்து புகை வந்தது. வாடகைதாரர் ஊரில் இல்லை. உடைத்து உள்ளே போனேன். இப்போது அது தப்பு என்கிறார். - சேலம் கட்டட உரிமையாளர்

தப்பில்லை. பெரிய சேதத்தைத் தடுக்க, குற்ற நோக்கமில்லாமல் செய்தது அத்துமீறல் ஆகாது. இனி இப்படி நேர்ந்தால்: முதலில் 101 அல்லது 112. வாடகைதாரருக்கும் போன் செய்யுங்கள். எடுக்காவிட்டாலும் அழைத்த நேரம் பதிவாகும். வெளியே மீட்டர் பெட்டியில் மெயினை இறக்கிவிட்டு, அக்கம்பக்கத்தார் இருவரை உடன் வைத்து, பூட்டு உடைப்பதிலிருந்து வெளியே வரும் வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள். ஆபத்து நீங்கியதும் உள்ளே நிற்காதீர்கள். புதுப் பூட்டுப் போட்டு, எல்லாச் சாவியையும் சாட்சிகள் முன் கவரில் போட்டு ஒட்டி, அவர் வந்ததும் கையெழுத்து வாங்கிக் கொடுங்கள். ஒரு சாவியைக்கூட நீங்கள் வைத்துக்கொள்ள வேண்டாம்.

புது ஒப்பந்தம் போடப் போகிறோம். நுழைவு பற்றி என்ன எழுதலாம்? பதினோரு மாத ஒப்பந்தம் போதுமா?

பதினோரு மாதம் என்பது பத்திரப் பதிவைத் தவிர்க்க வந்த பழைய வழக்கம். இப்போது காலம் எவ்வளவானாலும் வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைச் சாட்சியாக ஏற்க மாட்டார்கள். நீங்கள் கவனமாக எழுதிய நுழைவு ஷரத்தும் அதோடு போய்விடும்.

எழுத வேண்டிய ஷரத்து: "உரிமையாளர் அல்லது அவர் எழுத்தில் நியமித்தவர், 24 மணி நேரத்துக்கு முன் எழுத்து மூலமோ கீழ்க்கண்ட வாட்ஸ்அப் எண்ணிலோ காரணம், நாள், நேரம் குறிப்பிட்டு அறிவித்து, கடை வேலை நேரத்தில், வாடகைதாரர் அல்லது அவர் ஆள் முன்னிலையில் உள்ளே வரலாம். வழக்கமான பார்வையிடல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. தீ, வெள்ளம், மின்கசிவு, குழாய் உடைப்பு ஆகியவற்றுக்கு அறிவிப்பு தேவையில்லை. நுழைந்த இரண்டு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும்." கிளினிக் என்றால் நோயாளிகளின் பதிவேடு உள்ள அறை, நகைக்கடை என்றால் லாக்கர் அறை ஆகியவற்றை வாடகைதாரரே திறந்து காட்டுவார் என்று ஒரு வரி சேருங்கள். எண் மாறினால் ஏழு நாளில் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள். நோட்டீஸ் வரவே இல்லை என்ற தகராறு பெரும்பாலும் பழைய எண்ணில்தான் தொடங்குகிறது.