பையன் பேசவே மாட்டேன் என்கிறான், டாக்டர்

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்கிற நிணநீர்ப் புற்றுநோய். ஜிப்மரில் கீமோ நடக்கிறது. முடி கொட்டிவிட்டது. யாரிடமும் பேசாமல் கதவைச் சாத்திக்கொண்டு போனோடு கிடக்கிறான். சர்க்கரையை நிறுத்திவிட்டேன், பப்பாளி இலைச் சாறு கொடுக்கிறேன். போன வாரம் ராத்திரி 101 காய்ச்சல் அடித்தது. பாராசிட்டமால் கொடுத்தேன், காலையில் இறங்கிவிட்டது. மனசு விட்டுவிட்டானோ என்று பயமாக இருக்கிறது.
– ஒரு தாய், கடலூர் முதுநகர்

பதில்: அம்மா, 101 காய்ச்சல் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் எனக்குப் பகீரென்றது. கீமோ போட்டு ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை அணுக்கள் அடிமட்டத்துக்கு இறங்கிவிடும். அப்போது கிருமி புகுந்தால் வீக்கமோ சீழோகூடத் தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் அடையாளம். மாத்திரை கொடுத்து அதையும் அழித்துவிட்டீர்கள். இந்த முறை தப்பித்தது. இனி 100.4 டிகிரி தொட்டால் ராத்திரி இரண்டு மணியானாலும் வண்டி பிடியுங்கள். ஜிப்மர் இருக்கும் கோரிமேடு வரை போகத் தாமதமாகும் என்றால் கடலூர் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போய், முதல் வார்த்தையாக "கீமோ நடக்கிறது, காய்ச்சல்" என்று சொல்லுங்கள். போய்ச் சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஊசி ஏற வேண்டும்.

சரி, அந்தக் காய்ச்சலை அவனே சொன்னானா, நீங்கள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தீர்களா? இந்த வயதுப் பிள்ளைகள் மறைப்பார்கள். மறுபடி அட்மிட் பண்ணிவிடுவார்களே என்று, தெர்மாமீட்டர் வைக்கும் முன் ஐஸ் தண்ணீர் குடித்துவிட்டு வந்த ஒரு கல்லூரி மாணவனை எனக்குத் தெரியும். வாய் வறண்டு, கண் சிவந்து, "ஒண்ணுமில்ல சார்" என்றான். உங்கள் பையனின் மௌனம் எனக்கும் கவலை தருவது அதனால்தான்.

மனசு விட்டுவிட்டான் என்று நான் நினைக்கவில்லை. மீசை முளைத்த பையன் மறுபடி அம்மா கையால் உடம்பு துடைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூடப் படித்தவர்கள் அடுத்த செமஸ்டருக்குப் போய்விட்டார்கள். பேச்சு எப்படி வரும்? ஓ.பி.யில் டாக்டர் அவனைக் கேட்பதற்கெல்லாம் நீங்கள் பதில் சொல்கிறீர்களா? அடுத்த முறை ஐந்து நிமிடம் வெளியே உட்காருங்கள். கல்யாணம், குழந்தை பற்றியெல்லாம் அவனுக்குக் கேட்க இருக்கும். உங்கள் எதிரில் கேட்க மாட்டான். இந்த நோய்க்கு வழக்கமாகத் தரும் மருந்துகளுக்குப் பிறகு பலருக்குக் குழந்தை பிறக்கிறது. அதை அவன் டாக்டர் வாயாலேயே கேட்கட்டும்.

நண்பர்களையும் தடுக்காதீர்கள். சளி, காய்ச்சல் இல்லாதவர்கள் கை கழுவிவிட்டு வரலாம். வெள்ளை அணுக்கள் ஏறிய வாரத்தில் டாக்டரைக் கேட்டுக்கொண்டு சாயங்காலம் சில்வர் பீச்சுக்கும் போய்வரட்டும். "இருந்து என்ன பண்ணப் போறேன்" என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தால் மட்டும் தனியே விடாதீர்கள்; அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416 எந்த நேரமும் எடுக்கும், தமிழில் பேசலாம்.

முடி வளரும், விடுங்கள். சர்க்கரையை நிறுத்தினால் பையன்தான் மெலிவான், கட்டி மெலியாது. காபியில் போட்டுக் கொடுங்கள். பச்சை இலைச் சாற்றை இன்றே நிறுத்துங்கள். வேகாத எதுவும் இந்த நாட்களில் அவனுக்கு ஆகாது. இதையெல்லாம் சொல்லித்தரும் வீடியோக்காரர்கள் யாரும் உங்கள் பையனின் ரத்தப் பரிசோதனையைப் பார்க்கவில்லை.

ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி அவன் கையில் கொடுங்கள். காலை, மாலை அவனே பார்த்துத் தன் போனில் குறித்துக்கொள்ளட்டும். வார்டின் போன் நம்பரும் அதிலேயே இருக்கட்டும்.