ராணிப்பேட்டை குரோமியத்தைத் தேடி நீந்தும் பாக்டீரியாவை உருவாக்க முடியுமா?

ஆய்வகத் தட்டில் முயலலாம். பாலாற்றங்கரை மண்ணில் விடக்கூடாது. ஈ.கோலை பாக்டீரியாவில், நேராக நீந்த உதவும் கீ-இசட் (cheZ) மரபணுவை நீக்கினால், செல் முன்னேறாமல் நின்ற இடத்திலேயே புரண்டுகொண்டிருக்கும். அதே மரபணுவை, குரோமேட்டை (குரோமியத்தின் ஒரு வடிவம்) உணர்ந்து மரபணுவை இயக்கும் புரொமோட்டர் என்ற டி.என்.ஏ. பகுதிக்குக் கீழே திரும்பச் செருகினால், குரோமேட் உள்ள இடத்தில்தான் நேராக நீந்தும். 2007-இல் தியோஃபிலின் என்ற வேதிப்பொருளுக்கு, ரைபோசுவிட்ச் (மூலக்கூறு பிணைந்தால் புரத உற்பத்தியை மாற்றும் ஆர்.என்.ஏ. பகுதி) வைத்து, இதைச் செய்து காட்டினார்கள்.

0.25% அகார் (செல்கள் நீந்தக்கூடிய மென்கூழ்) தட்டின் நடுவில் இந்தச் செல்களில் ஒரு சொட்டு வைத்து 30 டிகிரியில் வளருங்கள். 37-இல் நீச்சல் மந்தமாகும். குரோமேட் இல்லாத தட்டிலும் வளையம் விரிந்தால் புரொமோட்டர் கசிகிறது, அதாவது குரோமேட் இல்லாமலே மரபணுவை இயக்குகிறது. அப்போது மரபணுவில், புரதம் செய்யும் ரைபோசோம் பிணையும் இடத்தைப் பலவீனமாக்குங்கள். கீ-இசட் புரதம் சீக்கிரம் சிதைய அதன் நுனியில் ஒரு சிறு வாலும் சேருங்கள், இல்லையேல் குரோமேட்டைத் தாண்டியும் ஓடும்.

முக்கியமாக, வாணியம்பாடி, ஆம்பூர் தோல் பதனிடலில் பயன்படுவது மூவிணைதிற குரோமியம். இந்த உணரிக்குத் தெரிவது ஆறிணைதிற குரோமேட் மட்டுமே. அதுவும் அளவு மீறினால் செல்லையே கொன்றுவிடும்.