பச்சைக் குழந்தை விடாமல் அழுதால் அப்பா என்ன செய்யலாம்?

நோயில்லாமல் நன்றாகப் பால் குடிக்கிற குழந்தை, சாயங்காலமானால் காரணம் தெரியாமல் மணிக்கணக்கில் வீறிடும். இதைத்தான் மருத்துவர்கள் கோலிக் என்கிறார்கள். பிறந்து 2, 3 வாரத்தில் தொடங்கி, 6-வது வாரத்தையொட்டி உச்சத்துக்குப் போய், 3, 4 மாதத்தில் பெரும்பாலும் தானாகவே அடங்கிவிடும்.

வயிற்றுக்குள் இருந்தவரை அம்மாவின் இதயத்துடிப்பு ஓயாமல் கேட்டது, அவர் நடக்க நடக்க ஆட்டமும் இருந்தது. சோமனூர்ப் பக்கம் தறிக்குடோனை ஒட்டிக் குடியிருப்பவருக்கு, கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தூக்கம் கலையும். குழந்தைக்கும் அப்படித்தான்; திடீர் அமைதிதான் புதுசு.

ஞாயிற்றுக்கிழமை மாமனார் வீட்டுக்கு வந்து குழந்தையைப் பார்க்கிற அப்பாவும் அந்தச் சத்தத்தையும் ஆட்டத்தையும் கொடுக்கலாம். முதலில் பசியா, ஈரத்துணியா, வெக்கையா, விரலில் முடி சுற்றியிருக்கிறதா என்று பாருங்கள். பிறகு உங்கள் சட்டையைக் கழற்றி, நெஞ்சோடு நிமிர்த்தி அணைத்து, ஒரு கையால் பின்னந்தலையையும் கழுத்தையும் தாங்கி, காதருகே 'உஷ்ஷ்' என்றபடி வாசலில் 5 நிமிடம் நிற்காமல் நடங்கள். கண் மூடியதும் கீழே போட்டால் முழித்துக்கொள்ளும். 5 முதல் 8 நிமிடம் உட்கார்ந்து வைத்திருந்துவிட்டு மல்லாக்கப் படுக்க வையுங்கள். தூரியில் (துணித்தொட்டிலில்) போட்டால் தாடை நெஞ்சில் அழுந்தக் கூடாது, மூச்சு அடைக்கும்.

எரிச்சல் வந்தால் பத்திரமாகப் படுக்க வைத்துவிட்டு வெளியே போய் நில்லுங்கள். குலுக்கவே கூடாது, மூளைக்குள் ரத்தம் கசியும். 100.4 டிகிரி காய்ச்சலோ பச்சை வாந்தியோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

"தூக்கித் தூக்கிக் கைப்பழக்கம் ஆக்காதே" என்பார்கள். அடம் பழகுகிற வயதே இதில்லை, தாராளமாகத் தூக்குங்கள்.