16 வயது மகன் 'வீட்டை விட்டுப் போறேன்' என்பது: நண்பர்கள்தான் காரணமா?

சண்டை வந்தால் 16 வயது மகன் 'வீட்டை விட்டுப் போறேன்' என்று மிரட்டுவதாகச் சொல்லி, அதற்கு அவன் நண்பர்கள்தான் காரணமா என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். நண்பர்கள் முதல் காரணமாக இருக்க வாய்ப்பு குறைவு. இந்த வயதில் வெளியிலிருந்து இழுப்பதைவிட வீட்டுக்குள்ளிருந்து தள்ளுவதுதான் பெரும்பாலும் வலுவானது. நண்பன் பங்கு, போய்த் தங்க ஓர் இடம் தருவதோடு சரி.

தினமும் இரவில் அவன் போனை வாங்கிப் பார்ப்பதாகவும், சண்டை அதன் பிறகே வருவதாகவும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அதன்மேல்தான். 12 வயதில் பொருந்திய கண்காணிப்பு 16-ல் அவமானமாகத் தெரியும். தன் விஷயத்தில் தன் பேச்சு எடுபடாது என்று பட்டுவிட்டால், வெளியேறுவது ஒன்றே தன் கையில் இருக்கும் முடிவாகத் தோன்றும்.

இப்படிச் சோதியுங்கள்:

1. இரண்டு வாரம் போனைத் தொடாதீர்கள். அதற்குப் பதில், இரவு எத்தனை மணிக்கு போனை ஹாலில் வைப்பது என்பதை அவனையே சொல்லச் சொல்லி, பேசி முடிவு செய்யுங்கள்.

2. சண்டை வந்தால் நாள், நேரம், பேச்சு எதில் தொடங்கியது, உடன் யார் இருந்தார்கள் என்று குறித்துவையுங்கள். போன் பிரச்சினை ஓய்ந்தும் சண்டை ஓயவில்லை என்றால் படிப்பு, ஒப்பீடு, பெற்றோருக்குள் நடக்கும் தகராறு என்று வேறு காரணம் இந்தக் குறிப்பில் பிடிபடும்.

'போ, பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். வீம்புக்கே கிளம்பும் பிள்ளைகள் உண்டு.

இதெல்லாம் கோபத்தில் மிரட்டும் பிள்ளைக்கு. சத்தமில்லாமல் துணி, பணம், சான்றிதழ் எடுத்துவைத்தாலோ, வீட்டில் குறிப்பிட்ட ஒருவரைக் கண்டு ஒதுங்கினாலோ, தூக்கமும் சாப்பாடும் குறைந்தாலோ கதை வேறு. அடி, பாலியல் தொல்லை, மனச்சோர்வு எதுவும் இருக்கலாம். தனியாக உட்காரவைத்து, 'யாரைக் கண்டாவது பயமா?' என்று நேராகக் கேளுங்கள். மனநல ஆலோசகரிடமும் உடனே அழைத்துப் போங்கள். அப்போது இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம்.