ஓடைச் சருகை வாரலாமா? கறுப்புத் தண்ணீரில் மீன் சாவது ஏன்?

கேள்வி: ஐயா, மேக்கரைப் பக்கம் ஓடைக்கரையில் எங்களுக்கு 3 ஏக்கரில் தென்னையும் பாக்கும் இருக்கிறது. மாசி, பங்குனியில் ஓடை வற்றி, தேக்கு, நாவல், புங்கஞ்சருகு முழங்கால் உயரத்துக்குச் சேர்ந்துவிடுகிறது. கோடை மழை விழுந்ததும் தண்ணீர் கடுங்காப்பி நிறத்தில் வருகிறது. போன வருசம் அதைப் பண்ணைக்குட்டையில் விட்டோம். மறுநாள் விடியக்காலையில் கட்லாவும் ரோகுவும் மேலே வந்து வாயைப் பிளந்தன, நிறையச் செத்தும் போயின. சொட்டுநீர் ஃபில்டரும் அடைக்கிறது. ஜேசிபி வைத்து ஓடையைச் சுத்தமாக வாரிவிடலாமா? அந்தச் சருகு தென்னைக்கு ஆகுமா?

பதில்: ஜேசிபி வேண்டாம். ஓடை புறம்போக்கில் அனுமதியில்லாமல் மண்ணைத் தொட்டால் வருவாய்த் துறையில் பதில் சொல்ல வேண்டிவரும். அது ஒருபுறம் இருக்க, உங்கள் மீனைக் கொன்றது சருகு மட்டும் இல்லை. ஓடுகிற தண்ணீரில் மக்க வேண்டியது தேங்கின தண்ணீரில் மக்கியதுதான் காரணம்.

காய்ந்த இலை நனைந்த முதல் ஒன்றிரண்டு நாளிலேயே அதிலுள்ள சர்க்கரை, துவர்ப்புச் சத்து, சாம்பல் சத்து எல்லாம் கரைந்து இறங்கிவிடும். சில மர இலைகளில் காய்ந்த எடையில் கால் பங்குவரை இப்படிப் போகும். நீங்கள் பார்த்த காப்பி நிறம் இதுதான். இரண்டு மாதம் வறண்ட ஓடையில் குவிந்த சருகு முழுவதும் ஒரே மழையில் நனைவதால், மொத்தச் சாறும் முதல் வெள்ளத்திலேயே வந்துவிடுகிறது.

அடுத்து பூஞ்சாணம் ஏறும். நீரோட்டத்தில் வாழ்வதற்கென்றே தனிப் பூஞ்சாணங்கள் உண்டு. அவற்றின் வித்துகள் பலவற்றுக்கு நாலு கை விரித்த வடிவம், ஓடுகிற தண்ணீரிலும் இலையைப் பற்றிக்கொள்ளும். இங்கிலாந்தில் இங்கோல்ட் என்ற ஆய்வாளர் 1942-இல் இவற்றை விவரித்தார். சிற்றருவிக்குக் கீழே ஒதுங்கும் நுரையை எடுத்து நுண்ணோக்கியில் வைத்தால் இந்த வித்துகள் ஏராளமாகத் தெரியும். இந்தப் பூஞ்சாணம் தண்ணீரிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) இழுத்து இலைக்குள் சேர்க்கிறது. கனடாவில் கௌசிக், ஹைன்ஸ் இருவரும் 1971-இல் வெளியிட்ட ஆய்வு, தண்ணீரில் ஊறும் இலையில் புரதம் கூடுவதையும் அதற்குப் பூஞ்சாணமே முக்கியக் காரணம் என்பதையும் காட்டியது. ஓடையில் பாதி மக்கிய இலை, மரத்தடியில் கிடக்கும் காய்ந்த சருகைவிட நல்ல எருவாவது இதனால்தான்.

பூஞ்சாணம் ஏறி மெத்தென்று ஆன இலையைத்தான் நண்டும் நீர்ப்பூச்சிகளும் தின்னும். சலசலத்து ஓடும் இடத்தில் ஒரு கைப்பிடிச் சருகை எடுத்து வெள்ளைத் தட்டில் விரித்துப் பாருங்கள். இலையில் நீள்வட்டமாக இரண்டு துண்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, நடுவில் ஒளிந்துகொண்டு நகரும் புழு கிடைக்கலாம். நரம்பு மட்டும் வலைபோல மிஞ்சிய இலைகளும் இருக்கும். இவை இரண்டும் தென்பட்டால் ஓடை நன்றாக வேலை செய்கிறது, அந்த இடத்தில் கை வைக்காதீர்கள். புங்கம் போன்ற மெல்லிலை சில வாரங்களில் கரையும். தேக்கு, முந்திரி, தைலமரத்துக்கு மாதக்கணக்கு ஆகும்.

இதெல்லாம் பிராணவாயு இருந்தால்தான் நடக்கும். 25 டிகிரி வெப்பத்தில் தண்ணீர் லிட்டருக்கு 8 மில்லிகிராம் அளவுக்குத்தான் பிராணவாயு பிடிக்கும். கட்லா, ரோகு போன்ற கெண்டை மீனுக்கு 5 வேண்டும், 3-க்குக் கீழே போனால் திணறும். சாறு இறங்கின தண்ணீர் குட்டையில் நின்றதும் பாக்டீரியா அந்தச் சர்க்கரையைத் தின்று பெருகி, இருக்கிற பிராணவாயுவை உறிஞ்சிவிடும். பழுப்பு நிறம் வெயிலை மறைப்பதால் பாசியும் பகலில் போதிய பிராணவாயு விடாது. இரவு முழுக்கக் குறைந்துகொண்டே போய் விடியற்காலையில் அடிமட்டத்துக்கு வரும். நீங்கள் பார்த்த நேரம் அதுதான்.

ஆகவே பங்குனிக் கடைசிக்குள், கோடை மழைக்கு முன்னால், உங்கள் மடைக்கு மேலே 20, 30 மீட்டர் தூரத்தில் கசங்களிலும் (ஆழமான பள்ளங்களிலும்) வளைவுகளிலும் குவிந்த காய்ந்த சருகை மட்டும் ஆளை விட்டு வாருங்கள். கல் பாவிய இடத்துச் சருகு அப்படியே கிடக்கட்டும். முதல் வெள்ளத்துக்கு மடையைத் திறக்கவே கூடாது. 2 நாள் கழித்து ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீரை மொண்டு பாருங்கள், நிறம் வெளிறியிருந்தால் மட்டும் குட்டைக்கு விடுங்கள். தப்பி உள்ளே வந்துவிட்டால் அன்றைக்கே தீனியையும் சாணத்தையும் நிறுத்துங்கள். நள்ளிரவிலிருந்து வெயில் ஏறும்வரை மோட்டாரைப் போட்டு, குட்டைத் தண்ணீரையே மேலேயிருந்து சிதறி விழும்படி திருப்பி விடுங்கள். கிணற்றுத் தண்ணீர் இருந்தால் மூன்றில் ஒரு பங்கு மாற்றலாம், அதையும் சிதறவிட்டே சேருங்கள்.

ஃபில்டர் அடைப்புக்கு, மோட்டார் உறிஞ்சுகுழாயின் நுனியிலுள்ள புட்வால்வ் தரையில் கிடப்பதே பெரும்பாலும் காரணம். அதை ஒன்றரை அடி தூக்கிக் கட்டி, சுற்றிலும் நைலான் வலைக்கூடை போடுங்கள். ஃபில்டரின் இருபுற அழுத்த வித்தியாசம் சதுர சென்டிமீட்டருக்கு 0.5 கிலோவைத் தாண்டினால் கழுவ வேண்டும்.

வாரின சருகைத் தென்னைப் பாத்தியில் வெட்டிப் புதைக்காதீர்கள். காய்ந்த சருகில் கரிச்சத்து மிகுதி, தழைச்சத்து குறைவு. அதை மக்கவைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், மரம் வெளுக்கும். மேலாக மூடாக்குப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை. எருவாக்க வேண்டுமென்றால் 4 அடி அகலம், 4 அடி உயரத்துக்குக் குவியல் போடுங்கள். அரை அடி சருகு, அதன்மேல் 2 அங்குலம் கிளைரிசிடியா அல்லது பச்சைப் புங்கந்தழை, அதன்மேல் சாணிக்கரைசல் என்று அடுக்க வேண்டும். 1 டன் சருகுக்கு 100 முதல் 200 கிலோ பசுஞ்சாணம் போதும். தேக்கிலையை நறுக்கியே போடுங்கள், முழு இலை தட்டுத்தட்டாகப் படிந்து காற்றை அடைத்துவிடும். கையில் பிழிந்தால் ஈரம் தெரிய வேண்டும், சொட்டக் கூடாது. 15 நாளுக்கு ஒருமுறை புரட்டினால் 3, 4 மாதத்தில் மக்கிவிடும். காய்க்கிற தென்னைக்கு வருசம் 50 கிலோ தொழு உரம் என்பது பரிந்துரை, அந்தக் கணக்கில் இதையே வைக்கலாம். கசத்தின் அடியில் கறுத்து, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும் சேறு கிடைத்தால் நிழலில் 3 நாள் பரப்பி, நாற்றம் போன பிறகே குவியலில் சேருங்கள்.

பாக்குக்கு மாகாளி என்ற காயழுகல் நோய்க்காகத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்னும், 40 முதல் 45 நாள் கழித்தும் 1 சதவீத போர்டோ கலவை அடிப்பீர்கள். அதிலுள்ள தாமிரம் ஓடையில் இறங்கினால் இலையை மக்கவைக்கும் பூஞ்சாணத்தையும் கொல்லும், பிறகு சருகு இன்னும் தேங்கும். 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர் என்று கலக்கிய பின் இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கிப் பாருங்கள். செம்பு நிறம் ஒட்டினால் தாமிரம் தனியாக நிற்கிறது என்று பொருள், ஒட்டாமல் போகும் வரைக்கும் சுண்ணாம்புப் பால் சேருங்கள். ஓடையை ஒட்டிய வரிசைகளில் காற்றில்லாத காலை நேரத்தில், குலையில் மட்டும் படும்படி அடியுங்கள். டேங்கையும் வாளியையும் ஓடையில் கழுவாமல் தோப்புக்குள்ளேயே கழுவச் சொல்லுங்கள்.