விட்ட இடம்

வணக்கம் ஐயா,

மாண்ட்ரியலில் 40 வயதில் உலகப் பட்டம் வென்ற ஃபிகர் ஸ்கேட்டிங் வீராங்கனையின் காணொளியை என் மகள் அனுப்பியிருந்தாள். ஆட்டத்தை விட்டு பதினைந்து வருஷம் கழித்துத் திரும்பி வந்தவராம். பார்த்துவிட்டு அன்றிரவு எனக்குத் தூக்கமில்லை. நான் பள்ளிக்காலத்தில் மாநில அளவில் 400 மீட்டர் ஓடியவள். 20 வயதில் கல்யாணம், அதோடு சரி. இப்போது 47. மூத்தோர் தடகளப் போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா என்று வீட்டில் கேட்டேன். கணவரும் மகனும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். இந்த வயதில் திரும்பி வருவது இளையவர்களின் இடத்தைப் பறிப்பது ஆகாதா? பனியே பெய்யாத ஊரில் இருந்துகொண்டு நாம் இவர்களைப் பார்த்து ஆசைப்படுவது பொருத்தமா? விட்ட இடத்தை இந்த வயதில் பிடிக்க முடியுமா? அந்தக் காலத்து ஸ்பைக் ஷூ இன்னமும் பெட்டியில் இருக்கிறது.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு வாசகி

(பெயர் வேண்டாம் என்றார். கடிதத்தைச் சுருக்கியிருக்கிறேன்.)

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதம் வந்த அதே வாரம் நான் கோலாலம்பூர் பக்கத்துச் சன்வே பிரமிட் பேரங்காடியின் ஐஸ் திடல் ஓரமாக, இரண்டு சட்டை போட்டுக்கொண்டு நடுங்கியபடி உட்கார்ந்திருந்தேன். பேத்தியின் ஆசை. வாடகை ஷூவுக்குக் கயிறு இழுத்துக் கட்டியதில் என் விரல்கள் சிவந்துவிட்டன. வார நாள் காலை என்பதால் கூட்டமில்லை. திடலின் நடுவே ஒரு சீன அம்மாள், ஐம்பத்தைந்து வயதிருக்கும், கறுப்புக் கையுறை, சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை. ஒற்றைக் காலில் மெல்ல ஒரு வட்டம் போடுவார். நிற்பார். குனிந்து தரையைப் பார்ப்பார். மறுபடி அதே கோட்டின் மேல் இன்னொரு வட்டம். மறுபடி குனிவார். ஒரு மணி நேரம் இதேதான். பேத்தி கம்பியைப் பிடித்தபடி என்னிடம் வந்து கேட்டாள்: “தாத்தா, அவங்க எதையாச்சும் தொலைச்சிட்டாங்களா?”

அவர் தொலைத்ததைத் தேடவில்லை. தான் போட்ட கோட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஃபிகர் ஸ்கேட்டிங் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான். பனித்தரையில் எட்டு போட வேண்டும், கோடு பிசகாமல் அதன் மேலேயே திரும்பத் திரும்பப் போட வேண்டும். நடுவர்கள் திடலில் இறங்கி, குனிந்து, கோட்டைப் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். ஒரு காலத்தில் மொத்த மதிப்பெண்ணில் பாதிக்கு மேல் இதற்குத்தான். தொலைக்காட்சி வந்த பிறகு இதை யார் உட்கார்ந்து பார்ப்பது? 1990 உலகப் போட்டியோடு எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு எல்லாம் தாவலும் சுழற்சியும்தான். எட்டு போட வருஷக்கணக்கான பொறுமை வேண்டும். தாவுவதற்கு ஒல்லியான உடம்பும் புத்தம்புது முழங்காலும் வேண்டும். இருபத்தைந்து வயதுக்காரரை ‘மூத்த வீராங்கனை’ என்று எழுதும் விளையாட்டாக இது ஆனதில் அந்த மாற்றத்துக்கும் ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம். (நம் பத்திரிகைகள் இதைப் ‘பனிச்சறுக்கு’ என்று எழுதி, மலையிலிருந்து சறுக்கி வருவதோடு சேர்த்துக் குழப்புகின்றன. அதைப் பற்றி இன்னொரு நாள் திட்டுகிறேன்.)

சரி, உங்கள் கேள்விகள்.

கணவரும் மகனும் சிரிக்கிறார்கள் என்கிறீர்கள். சிரிக்கட்டும். நல்லதுதானே.

பனியில்லாத ஊர் என்கிறீர்கள். நான் உட்கார்ந்திருந்த அதே திடலில் சறுக்கிப் பழகிய ஜூலியன் யீ, 2018இல் பியோங்சாங் குளிர்கால ஒலிம்பிக்குக்குப் போனார். மலேசியாவிலிருந்து ஃபிகர் ஸ்கேட்டிங்குக்குப் போன முதல் ஆள். 24 பேர் அடுத்த சுற்றுக்குப் போகலாம், இவர் 25ஆவது. வெளியே முப்பத்திரண்டு டிகிரி கொளுத்த, பேரங்காடிக்குள் பழகிய பையன் அவ்வளவு தூரம் போயிருக்கிறான். அதுவும் போக, நீங்கள் கேட்பது ஓடுவதைப் பற்றி. ஓடுவதற்குப் பனி எதற்கு?

இளையவர்களின் இடம் என்கிறீர்கள். இங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. மூத்தோர் தடகளம் 35 வயதில் தொடங்குகிறது, ஐந்தைந்து வயதாகப் பிரித்து ஓடவிடுகிறார்கள். உங்களோடு ஓடப்போகிறவர்கள் 45க்கும் 49க்கும் இடைப்பட்ட பெண்கள். இதில் எந்த இளைஞியின் இடத்தைப் பறிக்கப் போகிறீர்கள்? இந்தக் கவலையை உண்மையாகவே படவேண்டிய ஆள் ஜப்பானின் டைசுகே தகாஹாஷி. 2010 ஒலிம்பிக்கில் வெண்கலம், அதே வருஷம் உலகப் பட்டம். 2014இல் ஓய்வு. 2018இல், 32 வயதில், திரும்பி வந்து தேசியப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தார். உலகப் போட்டிக்குப் போகும் வாய்ப்பு வந்தபோது, இளையவர்கள் போகட்டும் என்று தானாக ஒதுங்கிக்கொண்டார். முதலில் ஆடினார், அப்புறம்தான் விட்டுக்கொடுத்தார். நீங்கள் பெயரே கொடுக்காமல் விட்டுக்கொடுக்கிறீர்கள். இது பெருந்தன்மை இல்லை சகோதரி, சாக்கு.

ஆனால் நான் பதில் எழுத உட்கார்ந்தது இதற்கெல்லாம் இல்லை. உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இருக்கிறது: ‘விட்ட இடத்தைப் பிடிப்பது’. அந்தச் சொல்லோடு எனக்கு நெடுநாள் பகை.

‘விட்டதைப் பிடிக்கிறேன்’ என்று நம் ஊரில் யார் சொல்வார்கள்? எம்பாட் எக்கோர், அதாவது நாலு நம்பர் லாட்டரிக் கடை வரிசையில் நிற்கிறவன். போன வாரம் விட்டதை இந்த வாரம், இந்த வாரம் விட்டதை அடுத்த வாரம். அவன் கணக்கில் பணம் எங்கோ பத்திரமாக இவனுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது, போய் எடுத்துக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள். அந்த 400 மீட்டர் ஓட்டக்காரி அதே திடலில், அதே வளைவில், ரிப்பன் பின்னலோடு நிற்கிறாள், நீங்கள் போய்த் தோளைத் தொட வேண்டும், அவ்வளவுதான் என்று. அவள் அங்கே இல்லை.

நீங்கள் பார்த்த காணொளியிலேயே பாருங்கள். டியானா ஸ்டெல்லாட்டோ-டூடெக், 2000இல் உலக இளையோர் போட்டியில் வெள்ளி வாங்கியபோது தனியாக ஆடிய பெண். இடுப்பில் அடிபட்டு அடுத்த வருஷமே நிறுத்திவிட்டார். சருமப் பராமரிப்புத் துறையில் வேலைக்குப் போய்விட்டார். தோல்வியே வராது என்றால் என்ன செய்வாய் என்று வேலையிடத்துக் கூட்டமொன்றில் கேட்டார்களாம், அதில்தான் எல்லாம் தொடங்கியதாம். (அந்தக் கேள்வியில் எனக்கு நம்பிக்கை இல்லை. தோல்வியே வராது என்றால் நானும்தான் மலையேறுவேன்.) 2016இல் திரும்பினார். எதற்கு? ஜோடி ஆட்டத்துக்கு! அதுவரை அவர் ஆடியே இராத ஆட்டம். ஒருவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடிக்க, தூக்கி வீச, காற்றில் சுழன்று, பின்னோக்கி, ஒற்றைக் காலில் இறங்க வேண்டும். ஷூவின் அடியில் இருக்கும் கத்தியின் அகலம் சுமார் 4 மில்லிமீட்டர், அதிலும் நடுவில் பள்ளம். இறங்குவது வெளி விளிம்பு ஒன்றின் மேல்தான். இதை 33 வயதுக்கு மேல் முதல் பாடத்திலிருந்து படித்தார். மாக்ஸிம் டெஷாமோடு சேர்ந்து கனடாவுக்காக 2024இல் பட்டம் வாங்கியபோது, ஃபிகர் ஸ்கேட்டிங்கில் உலகப் பட்டம் வென்ற பெண்களிலேயே அவர்தான் மூத்தவர். அவர் எந்த இடத்தைப் பிடித்தார்? விட்ட இடத்தையா?

தகாஹாஷியும் அப்படியே. திரும்பி வந்து இரண்டு வருஷத்தில் தனி ஆட்டத்தை விட்டு, கானா முராமோட்டோவோடு ஐஸ் டான்ஸுக்குப் போனார். உலகப் பட்டம் வாங்கியவர், புதிதாகச் சேர்ந்த பையன்போல இன்னொருவர் கையைப் பிடித்துக்கொண்டு அடிவைக்கக் கற்றார்.

ஜெர்மனியின் கேட்டரினா விட் மட்டும் அதே ஆட்டத்துக்குத்தான் திரும்பினார். 1984, 1988 ஒலிம்பிக் இரண்டிலும் தங்கம். 1994இல் லில்லேஹாமருக்கு 28 வயதில் வந்தார். அந்த முறை தங்கம் வாங்கிய ஒக்ஸானா பையுலுக்கு 16 வயது, விட் முதல் தங்கம் வாங்கிய நாளில் அந்தக் குழந்தைக்கு ஆறு. ஜெயிக்க முடியாது என்று கேட்டரினாவுக்கு நன்றாகத் தெரியும். அவர் முதல் தங்கம் வாங்கிய ஊர் போஸ்னியாவின் சராயேவோ. அந்த ஊர் அப்போது முற்றுகையில் கிடந்தது. ஒரு போர் எதிர்ப்புப் பாட்டின் இசைக்கு, அந்த ஊருக்காக ஆடினார். ஏழாவது இடம். இன்றைக்கும் அந்த ஆட்டத்தைத் தேடிப் பார்க்கிறார்கள். அதே பனி, அதே ஆட்டம், ஆனால் அவர் வந்த வேலை வேறு.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு வீட்டில் ஒரு காரணம் உண்டு.

என் சித்தப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர். கோல்கீப்பர். முட்டி போய் 38 வயதில் நிறுத்தினார். 1974இல், 46 வயதில், மறுபடி விளையாடுகிறேன் என்று கிளம்பினார். அந்த வருஷம்தான் மலேசியா ஆசிய விளையாட்டில் பந்தாட்டத்தில் வெண்கலம் வாங்கியது. மலேசியக் கோல்கீப்பர் ‘ஸ்பைடர்மேன்’ ஆறுமுகத்தின் நீளக் கைகளைப் பற்றி எங்கள் லைன் வீடுகளில் பேசாத ஆளில்லை. சித்தப்பாவுக்கு அந்தப் பேச்சு ஏறிவிட்டது என்று நினைக்கிறேன். பழைய பச்சை ஜெர்சியைச் சித்தி இரண்டு இடத்தில் தைத்துக் கொடுத்தார். முட்டிக்கு மினியாக் ஆங்கின் என்ற வலித் தைலம் தேய்த்த வாடை தெரு முனைவரை வந்தது.

எனக்கு அப்போது பதினோரு வயது. முதல் கோல் கால் நடுவே போனது. இரண்டாவதற்கு அவர் பாயவே இல்லை, பந்து போன பிறகு விழுந்தார். யாரோ “தாத்தா, வீட்டுக்குப் போங்க!” என்று கத்தினார்கள். திடலே சிரித்தது. பக்கத்தில் நின்ற பள்ளிக்கூடச் சிநேகிதன், “அது உன் சித்தப்பாதானே?” என்றான். இல்லை என்றேன். சொல்லிவிட்டு ஐஸ் பால் (துருவிய ஐஸை உருட்டிச் சீராப் ஊற்றிய பந்து) விற்கிறவரின் வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நான்கு கோல் விட்டார்.

ஆட்டம் முடிந்து அவர் நேராக வண்டிக்குப் பின்னால் வந்தார். நான் அங்கே நிற்பது அவருக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது. முகமெல்லாம் மண். “அத குடுடா” என்று என் கையிலிருந்த ஐஸ் பாலை வாங்கி, வீங்கிய முட்டியில் வைத்து அழுத்தினார். சிவப்புச் சீராப் காலில் வழிந்து காலுறைக்குள் இறங்கியது. “நாலாவது பந்து பாத்தியா? விரல் நுனி பட்டுச்சு. அடுத்த வாரம் புடிச்சிருவேன்” என்று சிரித்தார். அன்று ராத்திரி மூன்று முறை சோறு போட்டுச் சாப்பிட்டார். அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததை என்னால் ரொம்ப நாள் மன்னிக்க முடியவில்லை.

அவர் விட்ட இடத்தைப் பிடிக்கத்தான் போனார். பிடிக்கவில்லை. சந்தோஷமாகவும் இருந்தார். மேலே நான் சொன்னதற்கெல்லாம் இது ஒத்துவரவில்லை, தெரிகிறது. ஐம்பது வருஷமாக ஒத்துவரவில்லை.

பெயர் கொடுங்கள். முதலில் இரண்டு மாதம் வெறும் நடையும் மெதுவோட்டமும், 400 மீட்டரை உடனே தொடாதீர்கள். அப்புறம், அந்தப் பெட்டியில் இருக்கும் ஸ்பைக் ஷூவைப் போட்டுக்கொண்டு மட்டும் போகாதீர்கள். நம் ஊர் ஈரத்தில் பசையெல்லாம் விட்டிருக்கும். முதல் வளைவு திரும்புவதற்குள் அடிப்பகுதி கழன்று பின்னால் கிடக்கும்.