கதைக்காட்டுக்குப் புறப்படும் முன்: நுகர்வோர் கேள்வி-பதில்

முழுப் பரீட்சை முடிவதற்குள் விடுமுறைக் கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. மிக்ஸி, இன்வெர்ட்டர், சீட்டுப் பணம் பற்றி எழுதியவர்கள் அடுத்த வாரம் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் ராஜகுமாரிகளும் ராட்டினங்களும்தான்.

என் தம்பி நெதர்லாந்தில் வேலை செய்கிறான். நான், மனைவி, எட்டு வயது மகள், ஐந்து வயது மகன் நால்வரும் அவன் வீட்டில் தங்கி எஃப்டெலிங் என்ற கதைப் பூங்காவைப் பார்க்கத் திட்டம். ஏஜென்ட் “எல்லாம் அடக்கம், விசா உறுதி” என்று தலைக்கு ஒரே விலை சொல்கிறார். இரண்டு லட்சம் முன்பணம் வேண்டுமாம். ரசீது கேட்டால், “நம் ஊர்க்காரர்களுக்குள் ரசீது எதற்கு” என்கிறார். கொடுக்கலாமா? — வாசகர், தக்கலை

கொடுக்காதீர்கள். “எல்லாம் அடக்கம்” என்று ஒரே தொகையாகச் சொல்லும் வியாபாரத்தின் மேல் எனக்குப் பழைய கோபம் உண்டு, அதனால் பதில் கொஞ்சம் நீளும். குளச்சல் மீன் சந்தையில் சாளைக்கு ஒரு விலை, நெய்மீனுக்கு ஒரு விலை. இரண்டையும் ஒரே கூடையில் போட்டுக் “கூடை இவ்வளவு” என்றால் யாராவது வாங்குவார்களா? லட்சக்கணக்கில் பணம் போகும் பயணத்தை மட்டும் கூடையாக வாங்குகிறோம்.

அந்தக் கூடையைப் பிரித்துப் பார்ப்போம். நெதர்லாந்து உட்பட பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கு 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயது வரை 45 யூரோ, ஆறு வயதுக்குக் கீழே கட்டணமே இல்லை. உங்கள் மகனுக்கு விசா மையத்தின் சேவைக் கட்டணம் வரலாம். விசாக் கட்டணம் பூஜ்யம். ஏஜென்ட் அவனுக்கும் தலைக்கு அதே விலைதானே சொன்னார்? அடுத்தது ஓட்டல். தங்கப்போவது தம்பி வீட்டில். அதற்கென்றே நெதர்லாந்து அரசின் படிவம் ஒன்று இருக்கிறது. தம்பி அதை நிரப்பி, அவர் ஊர் நகராட்சியில் கையெழுத்துக்குச் சான்று வாங்கி அனுப்பினால் போதும். பிறகு ஓட்டல் எதற்கு? மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு வேண்டும். அதை நீங்களே விலை ஒப்பிட்டு வாங்கலாம். பூங்கா டிக்கெட் குறிப்பிட்ட தேதிக்கானது, நாளைப் பொறுத்து விலை ஏறி இறங்கும். பூங்காவின் சொந்த இணையதளத்தில் தம்பி தேநீர் குடிக்கும் நேரத்தில் வாங்கிவிடுவார்.

வெளிநாட்டுச் சுற்றுலா தொகுப்புக்கு விற்பவர் ஒரு வரியும் பிடிப்பார். டிசிஎஸ் என்று பெயர். அது அவருடைய பணமும் அல்ல, அரசுக்குப் போய்த் தொலைந்த பணமும் அல்ல. உங்கள் பான் எண்ணில் வரவாகும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், கட்ட வேண்டிய வரி இல்லையென்றால் திரும்பவும் பெறலாம். பான் எண்ணையே கேட்காமல் “வரி சேர்த்து” என்று ஒருவர் சொன்னால் அந்த வரி எங்கே போகிறது என்று கேளுங்கள்.

“விசா உறுதி” என்பது பச்சைப் பொய். விசா தருவது நெதர்லாந்து அரசு, தக்கலை மாடிக்கட்டட அலுவலகம் அல்ல. மறுத்தால் கட்டணம் திரும்ப வராது. ரசீது விஷயத்தில் சட்டமே உங்கள் பக்கம்: 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதே முறையற்ற வணிகம். ஏஜென்டின் உழைப்புக்குக் கூலி வேண்டாமா என்றால், வேண்டும். அதையும் தனி வரியாக எழுதித் தரட்டும். எழுதினால் அவரிடமே கொடுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை.

அதே பூங்காவுக்கு மூட்டுவலி உள்ள அம்மாவையும் அழைத்துப் போகிறோம். ஒரு நாள் போதுமா? — வாசகி, குளச்சல்

சிறு பிள்ளைகளும் அம்மாவும் என்றால் இரண்டு நாள் நல்லது. ஒரே நாள்தான் என்றால் காலையில் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். 1952-இல் பத்துக் கதைகளோடு தொடங்கிய இடம் அது. ஆண்டன் பீக் என்ற ஓவியர் வரைந்த வீடுகளும் கோட்டைகளும் மரங்களுக்கு நடுவே நிற்கின்றன. தூங்கும் அழகியின் மார்பு மூச்சில் ஏறி இறங்கும். நீண்ட கழுத்துக்காரன் கழுத்தை உயர்த்தி எட்டிப் பார்ப்பான். வாய் பிளந்த குண்டன் ஒருவன் “காகிதம் இங்கே” என்று டச்சு மொழியில் கத்துவான். அவன் குப்பைத் தொட்டி. பிள்ளைகள் அவனுக்கு ஊட்டுவதற்காகக் குப்பை தேடி ஓடுவார்கள். இந்தக் காட்டுப் பகுதியில் ஏறுவதற்கு ஒன்றும் இல்லை, நடந்தால் போதும். அம்மாவுக்குச் சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும். பூங்காவைச் சுற்றி ஒரு நீராவி ரயிலும் ஓடுகிறது. கால் வலித்தால் அதில் உட்கார வைத்துவிடுங்கள்.

கதைகள் பெரும்பாலும் டச்சு மொழியில் ஒலிக்கும். ஆகவே கிளம்பும் முன்பே பாட்டியைக் கொண்டு பிள்ளைகளுக்குக் கதை சொல்ல வைத்துவிடுங்கள். பூங்கா இருக்கும் காட்ஸ்ஹேவெல் ஊரில் ரயில் நிலையம் கிடையாது. டில்பர்க் அல்லது டென் பாஸ் நிலையத்தில் இறங்கிப் பஸ் பிடிக்க வேண்டும். சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாம், அதற்குத் தடை இல்லை. நான்கு பேர் சாப்பாட்டுச் செலவு அங்கே டிக்கெட் விலையை எட்டிப் பிடிக்கும். புதுக் காலணி மட்டும் வேண்டாம். பயணத்துக்கென்றே நான் வாங்கிய “மேகம் போல” காலணியின் அடிப்பாகம் விமான நிலைய நடைபாதையிலேயே வாயைத் திறந்துகொண்டது. பழைய செருப்பே பரமசுகம்.

என் மகனின் உயரம் 128 செ.மீ. அங்குள்ள ‘பாரன் 1898’ ரோலர் கோஸ்டர் ரயிலுக்கு 132 வேண்டுமாம். காலணிக்குள் அட்டை வைத்து அனுப்பலாமா? — வாசகர், நாகர்கோவில்

கூடாது. தலைகுப்புற 37.5 மீட்டர் கீழே விழும் ரயில் அது. இருக்கைப் பிடிமானம் உடலுக்கு ஏற்றபடி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த அளவு, உங்களைச் சோதிக்க அல்ல. டிராகன் பெயரில் ஓடும் மரத் தண்டவாள ரயிலுக்கு 110 போதும்; அதில் ஏற்றுங்கள்.

சலுகை விலையில் கிடைத்ததால் விசாவுக்கு முன்பே ரத்து செய்ய முடியாத விமான டிக்கெட் எடுத்துவிட்டேன். இப்போது விசா நேர்காணலுக்குத் தேதி கிடைக்கவில்லை. விமான நிறுவனத்தின் மேல் வழக்குப் போடலாமா? — வாசகர், மார்த்தாண்டம்

எதற்காக? அவர்கள் “ரத்து செய்தால் பணம் கிடையாது” என்று எழுதினார்கள், நீங்கள் ஒப்புக்கொண்டு கட்டினீர்கள். விசா கிடைக்கும் முன் உறுதி டிக்கெட் எடுக்காதீர்கள் என்று இந்தப் பகுதியில் எத்தனை தடவை எழுதினாலும், சலுகையைக் கண்டதும் எல்லாம் மறந்துவிடுகிறது. விண்ணப்பத்துக்கு முன்பதிவுக் குறிப்பே போதும். விண்ணப்பத்தைப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே கொடுக்கலாம். பதினைந்து நாளுக்கு உள்ளே போனால் தாமதம். தேதி மாற்ற அனுமதி உண்டா என்று டிக்கெட்டின் விதிகளைப் படியுங்கள். விமான நிலைய வரிகளை மட்டுமாவது திருப்பிக் கேளுங்கள், பல நேரம் அது கிடைக்கும்.

ஹாங்காங் டிஸ்னிலேண்டுக்கு விசா வேண்டாம் என்கிறார்கள். ஆனால் ஒரு இணையதளம் “நுழைவுப் பதிவு”க்குப் பணம் கேட்கிறது. — வாசகி, கருங்கல்

14 நாள் வரை விசா வேண்டாம். ஆனால் 2017 முதல் இந்தியர்கள் கிளம்பும் முன் இணையத்தில் பதிவு செய்தாக வேண்டும். ஹாங்காங் குடிவரவுத் துறையின் தளத்தில் அது இலவசம். பணம் கேட்பவர் இடைத்தரகர்.

நான் குவைத்தில் நர்ஸ். பிள்ளைகளை இரண்டு வருடமாகப் பார்க்கவில்லை. அவர்களைப் பாரிஸ் டிஸ்னிலேண்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லியிருந்தேன். முகநூல் விளம்பரம் பார்த்துப் பாதி விலையில் டிக்கெட் வாங்கினேன். யுபிஐ மூலம் ஊரிலிருந்து அப்பா பணம் அனுப்பினார். வந்த கியூஆர் கோடு போலி என்று பூங்கா சொல்லிவிட்டது. அப்பா தன்னால்தான் என்று அழுகிறார். — வாசகி, குலசேகரம் அருகே

அம்மா, முதலில் அப்பாவுக்குச் சொல்லுங்கள்: ஏமாந்தவர் குற்றவாளி அல்ல. இப்படி விற்பவன் பகல் முழுவதும் வேறு வேலை இல்லாமல் இதையே செய்கிறான். ரப்பர் வெட்டிவிட்டு வந்து போனைத் திறக்கும் மனிதர் அவனோடு போட்டி போட முடியாது.

அப்பா இன்றே 1930 என்ற எண்ணை அழைக்கட்டும். சைபர் குற்றத்துக்கான தேசிய உதவி எண் அது. சீக்கிரம் சொன்னால் பணம் போன கணக்கை முடக்க வாய்ப்பு உண்டு. நாள் ஆக ஆகப் பணம் கைமாறிக்கொண்டே போகும். பணம் அனுப்பிய பரிவர்த்தனை எண், விளம்பரத்தின் படம், உரையாடல் எல்லாவற்றையும் அழிக்காமல் வைத்திருங்கள். வங்கிக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். நாகர்கோவிலில் மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலும் அப்பா நேரில் புகார் கொடுக்கலாம். கூட ஒருவரைத் துணைக்கு அனுப்புங்கள், தனியாகப் போக வேண்டாம். “பணத்தை மீட்டுத் தருகிறோம், கட்டணம் கட்டுங்கள்” என்று அடுத்த வாரம் யாராவது அழைப்பார்கள். அதுவும் அதே கூட்டம்தான்.

மறுபடி டிக்கெட் எடுக்கும்போது பூங்காவின் தளத்தில் எடுங்கள். மூன்று வயதுக்குக் கீழுள்ள பிள்ளை இருந்தால் அதற்கு டிக்கெட் வேண்டாம்.

எஃப்டெலிங் போகும் வழியில் தங்கும் உறவினருக்கு மட்டி வாழைப்பழம், தேங்காய், பால்கோவா, கருவாடு கொண்டுபோகலாமா? — வாசகர், இரணியல்

மட்டியும் தேங்காயும் போகலாம். பழங்களுக்குப் பொதுவாகத் தாவர நலச் சான்று கேட்கும் ஐரோப்பிய ஒன்றியம் வாழை, தேங்காய், அன்னாசி, பேரீச்சை, டுரியன் ஐந்துக்கும் விலக்குக் கொடுத்திருக்கிறது. நம் குமரி மாவட்டத்துக்காகவே எழுதிய பட்டியல் மாதிரி இருக்கிறது. மாம்பழம் சான்றில்லாமல் முடியாது. பால்கோவா, நெய், இறைச்சி எதுவும் கூடாது, வாங்கிக் குப்பையில் போடுவார்கள். மீனுக்கு 20 கிலோ வரை அனுமதி உண்டு, ஆகவே கருவாடு சட்டப்படி சரி. மற்றவர்கள் உங்கள் பெட்டியின் பக்கத்தில் உட்கார வேண்டும் என்பதையும் யோசியுங்கள். மட்டியைக் காயாக வெட்டிக்கொண்டு போங்கள். பழுத்ததைக் கொண்டுபோனால் விமானம் மாறும் நிலையத்திலேயே உதிர்ந்துவிடும்.

பொருட்காட்சியில் கூப்பன் நிரப்பினேன். “தீம் பார்க்கும் மூன்று நாள் தங்கலும் இலவசம்” என்று ஓட்டலுக்கு அழைத்து, மூன்று மணி நேரம் பேசி, விடுமுறைக் கிளப்பில் உறுப்பினராக்கிவிட்டார்கள். கடன் அட்டையில் எண்பதாயிரம் போயிற்று. நான்கு நாள் ஆகிறது. — வாசகர், வடசேரி

எனக்கும் இப்படி ஓர் அட்டை உண்டு, வேறொரு கிளப். ஆண்டுக்கு ஏழு இரவு என்றார்கள். ஓணம், கிறிஸ்துமஸ், பள்ளி விடுமுறை எல்லாம் அவர்கள் கணக்கில் சீசன். எனக்குக் கிடைத்தது அடைமழைக் காலத்தில் ஒரு மலைமேல் அறை, கொதிநீர் இல்லாமல். பராமரிப்புக் கட்டண நினைவூட்டல் மட்டும் ஓராண்டும் தவறியதில்லை.

உங்களுக்கு நேரம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ரத்து செய்ய நாள் வரம்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். இருந்தாலும் இல்லாவிட்டாலும், ரத்து செய்கிறேன் என்று மின்னஞ்சலும் ஒப்புகையுடன் ஸ்பீட் போஸ்டும் அனுப்புங்கள். அட்டை வழங்கிய வங்கியிடம் அந்தத் தொகையை எதிர்த்துப் புகார் எழுதுங்கள். தொலைபேசியில் இனிமையாகப் பேசி நாளைக் கடத்துவார்கள், பேச்சில் மயங்க வேண்டாம். பணம் வரவில்லையென்றால் 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்தை அழையுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கிளப்பின் தலைமை அலுவலகம் எங்கே இருந்தாலும் நீங்கள் வசிக்கும் ஊரிலேயே வழக்குத் தொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயம் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

ஒன்றரை வயதுக் குழந்தை இதையெல்லாம் பார்த்து மகிழுமா? — வாசகி, திங்கள்சந்தை

மகிழாது. நீங்கள் போங்கள், குழந்தை அம்மாச்சியிடம் இருக்கட்டும்.